செப்சிஸ்: இருபத்தைந்து வருட ஆராய்ச்சியில் எது நிலைத்தது, எது விழுந்தது?

காவிரிக்கரை | திருச்சி | தீவிர சிகிச்சை மருத்துவர்

இன்னொரு இழையில் ஒரு நண்பர், "செப்சிஸுக்குப் புதுசா மருந்தே வரலையா டாக்டர்?" என்று கேட்டிருந்தார். இரண்டு வரியில் பதில் சொல்லிவிட்டுப் போக மனம் வரவில்லை. அதனால் தனி இழை.

மருத்துவத் துறையில் இல்லாதவர்களுக்கு முதலில் கொஞ்சம் விளக்கம். உடம்பில் எங்கோ ஒரு தொற்று. நிமோனியாவாக இருக்கலாம், சிறுநீர்ப் பாதையில் இருக்கலாம், சர்க்கரைக்காரரின் காலில் ஆறாத புண்ணாக இருக்கலாம். அதை எதிர்க்கக் கிளம்பும் உடம்பே கட்டுப்பாடு இழந்து தன் உறுப்புகளைக் கெடுக்க ஆரம்பிப்பதுதான் செப்சிஸ். ரத்த அழுத்தம் விழும், சிறுநீர் குறையும், மூச்சு வேகமாகும், புத்தி தடுமாறும். 2017-ல் மட்டும் உலகம் முழுக்க 4.89 கோடிப் பேருக்கு வந்து 1.1 கோடிப் பேர் இறந்ததாக லான்செட் மருத்துவ இதழில் வந்த மதிப்பீடு சொல்கிறது. அந்த வருடம் இறந்த ஐந்து பேரில் ஒருவர்.

இப்போது ஆராய்ச்சிக்கு வருகிறேன். 2001-ல் டெட்ராய்ட்டின் ஹென்றி ஃபோர்டு மருத்துவமனையில் இமானுவேல் ரிவர்ஸ் குழு செய்த ஆய்வுதான் எங்கள் தலைமுறை படித்த வேதம். 263 நோயாளிகள். அவசரப் பிரிவுக்கு வந்த முதல் ஆறு மணி நேரத்துக்குள் கழுத்து வழியாகக் குழாய் போட்டு, இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தில் ஆக்சிஜன் 70 சதவீதத்துக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குறைந்தால் நரம்பு வழியாகத் திரவம், ரத்தம், இதயத்தை வலுவாகத் துடிக்கவைக்கும் டோபுடமின் என்று படிப்படியாக ஏற்ற வேண்டும். வழக்கமான சிகிச்சையில் 46.5 சதவீதம் பேர் இறந்தார்கள், இந்த முறையில் 30.5. உலகமே அந்தப் பாதையில் போனது.

2014, 2015-ல் அமெரிக்கா, ஆஸ்திரேலியா-நியூசிலாந்து, இங்கிலாந்து என்று மூன்று பெரிய ஆய்வுகள் அதையே மறுபடி சோதித்தன. புரோசெஸ், அரைஸ், புராமிஸ். மொத்தம் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள். மூன்றிலும் இறப்பில் வித்தியாசம் இல்லை.

அதே 2001-ல் வந்த இன்னொரு நம்பிக்கை எலை லில்லி கம்பெனியின் ஸிக்ரிஸ் என்ற மருந்து. ரத்தம் உறைவதைத் தடுக்கும் புரதம். 1,690 பேரிடம் நடந்த ஆய்வில் இறப்பு 30.8-லிருந்து 24.7 சதவீதமாக இறங்கியது. அமெரிக்க அனுமதியும் உடனே கிடைத்தது. பத்து வருடம் கழித்து மறு ஆய்வு நடந்தபோது மருந்து கொடுத்தவர்களில் 26.4, கொடுக்காதவர்களில் 24.2. 2011 அக்டோபரில் கம்பெனியே சந்தையிலிருந்து எடுத்துக்கொண்டது.

வைட்டமின் சி கதை இன்னும் சமீபம். 2017-ல் 47 பேருக்குக் கொடுத்துப் பார்த்த ஒரு அறிக்கை இறப்பு 40-லிருந்து 8.5 சதவீதமாகக் குறைந்தது என்றது. வாட்ஸ்அப்பெல்லாம் சுற்றியது. 2022-ல் லோவிட் ஆய்வு 872 பேரிடம் முறையாகச் சோதித்தபோது, வைட்டமின் சி போட்டவர்கள்தான் மோசமாக இருந்தார்கள். இறப்பு அல்லது நீடித்த உறுப்புச் செயலிழப்பு 44.5, போடாதவர்களில் 38.5.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். இவ்வளவு வருடத்தில் நிலைத்து நின்றவை சீக்கிரம் கண்டுபிடிப்பது, சரியான ஆன்டிபயாடிக், சீழ் இருந்தால் உடனே வெளியேற்றுவது, அளவான திரவம், ரத்த அழுத்தத்தை ஏற்றும் நார்அட்ரினலின், தேவைப்பட்டால் ஸ்டீராய்டு, அப்புறம் நல்ல நர்ஸிங். இவற்றை எந்த நோயாளிக்கு எப்போது எவ்வளவு என்பதற்கான விடை டெட்ராய்ட்டில் இல்லை. நம் நோயாளிகளிடம், நம் கிருமிகளிடம் சோதித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இதைப் பற்றிப் பேசலாம்.

---

எண்ணும்எழுத்தும் | சென்னை | மருத்துவப் புள்ளியியல்

நல்ல இழை டாக்டர். எண்கள் பக்கமிருந்து இரண்டு விஷயம்.

ஒன்று, ரிவர்ஸ் ஆய்வு பொய் என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். அங்கே வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் இறந்தார்கள். அரைஸ் ஆய்வில் 90 நாளில் இறந்தவர்கள் இரு பக்கமும் 19 சதவீதத்துக்கும் குறைவு. இடைப்பட்ட பதினைந்து வருடத்தில் வழக்கமான சிகிச்சையே முன்னேறிவிட்டது. ஆய்வுக்கு எடுக்கும் முன்பே ஆன்டிபயாடிக்கும் திரவமும் போய்விட்டன. சீக்கிரம் கவனி என்று ரிவர்ஸ் சொன்னதை உலகம் எடுத்துக்கொண்டது, விலை உயர்ந்த குழாய் மட்டும் தேவையில்லாமல் போனது. இப்படித்தான் நான் படிக்கிறேன்.

இரண்டு, வைட்டமின் சி அறிக்கையை ரிவர்ஸோடு ஒரே வரிசையில் வைக்கக் கூடாது. அது சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஆய்வே கிடையாது. முந்தைய மாதங்களில் வந்த 47 பேர், பிந்தைய மாதங்களில் வந்த 47 பேர். இடையில் வேறு என்னென்ன மாறியதோ யாருக்குத் தெரியும்? 40-லிருந்து 8.5 என்று ஒரு எண் வந்தாலே சந்தேகப்பட வேண்டும். தீவிர சிகிச்சையில் ஒரு ஊசி அவ்வளவு பேரைக் காப்பாற்றியதாக வரலாறு இல்லை. மூச்சுக்கருவியில் காற்றின் அளவைக் கிலோவுக்கு 12 மில்லியிலிருந்து 6 மில்லியாகக் குறைத்த 2000-ம் ஆண்டு ஆய்வு இந்தத் துறையின் பெரிய வெற்றிகளில் ஒன்று. அதிலேயே இறப்பு 39.8-லிருந்து 31 சதவீதமாகத்தான் இறங்கியது.

இன்னொரு சிக்கலும் உண்டு. செப்சிஸ் என்பது பல ஊர்ப் பேருந்துகள் வந்து சேரும் நிலையம் மாதிரி. நிமோனியாவில் கிளம்பிய எழுபது வயதுக்காரரும், பிரசவத்துக்குப் பின் தொற்று வந்த இருபத்திரண்டு வயதுப் பெண்ணும் கடைசியில் ஒரே இடத்தில் இறங்குகிறார்கள். இருவரையும் சேர்த்து ஒரு மருந்தைச் சோதித்தால் சராசரியில் எதுவும் தெரியாது. ஒருவருக்கு உதவியது, இன்னொருவருக்குக் கெடுதலாகியிருக்கலாம்.

---

வைகை மகன் | மதுரை

நான் டாக்டர் இல்லை, ஆட்டோமொபைல் கடை வச்சிருக்கேன். போன வருஷம் அப்பாவுக்கு வந்துச்சு. சாதாரண நீர்க்கடுப்புன்னு நினைச்சோம். ரெண்டாம் நாள் குளிரு நடுக்கம், மூணாம் நாள் பேச்சு குழறுச்சு. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில சேத்தோம். "கிருமி ரத்தத்துல கலந்துருச்சு"ன்னாங்க. பாட்டில் பாட்டிலா டிரிப்ஸ் ஏத்துனாங்க. அப்புறம் "நுரையீரல்ல தண்ணி கோத்துருச்சு, வென்டிலேட்டர் வைக்கணும்"னாங்க. அப்பா பொழைச்சு வந்துட்டாரு, அது பெரிய விஷயம். ஆனா அந்தத் தண்ணி எங்கருந்து வந்துச்சுன்னு கேட்டதுக்கு யாருமே நின்னு பதில் சொல்லலை. ஏத்துன டிரிப்ஸ்தான் காரணமா? சண்டை போடுறதுக்காகக் கேக்கலை, புரிஞ்சுக்கணும்.

---

காவிரிக்கரை

வைகை மகன், கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் அப்பாவின் கேஸ்ஷீட்டைப் பார்க்காமல் அவர் விஷயத்தில் நான் எதுவும் சொல்ல முடியாது. பொதுவாகச் சொல்கிறேன்.

செப்சிஸில் ரத்தக்குழாய்கள் தளர்ந்துபோகும், சுவர்களில் கசிவும் ஏற்படும். அழுத்தம் விழும்போது திரவம் ஏற்றியாக வேண்டும். ஆனால் ஏற்றியதில் ஒரு பங்கு குழாயை விட்டு வெளியே கசிந்து நுரையீரல், கால், வயிறு என்று போய்த் தேங்கும். செப்சிஸே நுரையீரலைத் தாக்கியும் நீர் கோக்கும். பெரும்பாலும் இரண்டும் கலந்துதான் இருக்கும்.

எவ்வளவு ஏற்ற வேண்டும் என்பதில்தான் இந்தத் துறையின் பெரிய அதிர்ச்சி வந்தது. கென்யாவின் கிலிஃபியில் பணியாற்றும் காத்ரின் மெயிட்லண்ட் தலைமையில் உகாண்டா, கென்யா, தான்சானியா மருத்துவமனைகளில் கடும் காய்ச்சலோடு ரத்த ஓட்டம் குன்றி வந்த 3,141 குழந்தைகளிடம் ஃபீஸ்ட் என்ற ஆய்வு நடந்தது. ஒரு பிரிவுக்கு வேகமாக சலைன், இன்னொன்றுக்கு வேகமாக அல்புமின் என்ற ரத்தப் புரதக் கரைசல், மூன்றாவது பிரிவுக்கு அப்படி எதுவும் இல்லாமல் மெதுவான டிரிப்ஸ் மட்டும். வேகமாக ஏற்றினால் பிழைப்பார்கள் என்றுதான் எல்லாரும் எதிர்பார்த்தார்கள். 48 மணி நேரத்தில் வேகமாக ஏற்றிய குழந்தைகளில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் மேல் இறந்தார்கள், ஏற்றாதவர்களில் 7.3. ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். 2011-ல் முடிவு வெளியானது.

"அது குழந்தைகள், மலேரியா" என்று ஒதுக்கப் பார்த்தோம். 2017-ல் ஜாம்பியாவின் லுசாகாவிலிருந்து பெரியவர்களிடம் செய்த ஆய்வு வந்தது. 209 பேர், பத்தில் ஒன்பது பேருக்கு எச்.ஐ.வி. ஆறு மணி நேரத்துக்கான திட்டப்படி நிறையத் திரவமும் அழுத்தம் ஏற்றும் மருந்தும் கொடுத்த பிரிவில் 48.1 சதவீதம் பேர் இறந்தார்கள். டாக்டர்கள் தங்கள் வழக்கப்படி பார்த்த பிரிவில் 33. வென்டிலேட்டர் அரிதான வார்டில், நுரையீரலில் நீர் கோத்தால் மீட்க வழி இல்லை. டெட்ராய்ட்டில் உயிர் காத்த அணுகுமுறை லுசாகாவில் உயிர் எடுத்தது.

---

தென்பொதிகை | நெல்லை | அவசர மருத்துவம்

சார், மரியாதையோடு ஒரு மறுப்பு. இதைப் படிக்கிற ஜூனியர்கள் "திரவம் கெட்டது" என்று எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயமாக இருக்கிறது. தாலுகா மருத்துவமனையிலிருந்து எங்களுக்கு ரெஃபர் ஆகி வரும் நோயாளிகளில் நான் பார்ப்பது நேர் எதிர். அழுத்தம் 70-க்குக் கீழே, கையில் ஒரு மெல்லிய ஊசி, சொட்டுச் சொட்டாக இறங்கும் ஒரே ஒரு பாட்டில், இரண்டு மணி நேர ஆம்புலன்ஸ் பயணம். இவர்களுக்கு முதல் மூன்று மணி நேரத்தில் கிலோவுக்கு 30 மில்லி என்ற விதி ஒரு கைப்பிடி. அது இல்லையென்றால் எவ்வளவு கொடுப்பது என்று தெரியாமல் ஒன்றுமே கொடுக்காமல் விட்டுவிடுவார்கள்.

ஐரோப்பாவில் கிளாசிக் ஆய்வு 1,554 பேரிடம் குறைவான திரவத்தையும் வழக்கமான அளவையும் ஒப்பிட்டது. 90 நாள் இறப்பு 42.3-க்கு 42.1. அமெரிக்காவின் குளோவர்ஸில் 14.0-க்கு 14.9. வித்தியாசமே இல்லை. ஆகவே கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் குடி முழுகிவிடாது என்பதும் ஆய்வு சொல்வதுதானே?

---

காவிரிக்கரை

அந்த இரண்டு ஆய்விலும் நோயாளிகளைப் பிரிப்பதற்கு முன்பே எல்லாருக்கும் முதல் ஒன்று, இரண்டு லிட்டர் போய்விட்டது. வென்டிலேட்டரும் படுக்கைக்கு ஒரு நர்ஸும் இருந்த இடங்கள் அவை. அந்தச் சமநிலையை ஜெனரல் வார்டுக்குக் கொண்டுவர முடியாது. சர்வதேச செப்சிஸ் சிகிச்சை வழிகாட்டுதலே 2021-ல் அந்த 30 மில்லியை வலுவான பரிந்துரையிலிருந்து பலவீனமான யோசனையாக இறக்கிவிட்டது.

உலர்ந்துபோய் வருபவருக்கு முதல் லிட்டர் தாமதமாகக் கூடாது என்பதில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன். என் கவலை மூன்றாவது, நான்காவது லிட்டரைப் பற்றியது. ஒவ்வொரு அரை லிட்டருக்கும் பிறகு படுக்கைக்குப் போய் நோயாளியைப் பார்த்துவிட்டு அடுத்ததைத் தொடங்குகிறோமா? இரவு இரண்டு மணிக்கு ஆர்டர் ஷீட்டில் எழுதிவிட்டுப் போனால் அது நடக்காது. அழுத்தத்தைப் பிடிக்க நார்அட்ரினலினைக் கைநரம்பு வழியாகவே சீக்கிரம் தொடங்கலாம், கழுத்துக் குழாய் போடும்வரை காத்திருக்க வேண்டாம் என்பதும் அதே வழிகாட்டுதலில் உள்ளது. தாலுகா அளவில் அதைச் சொல்லிக்கொடுத்தால் உங்கள் ஆம்புலன்ஸ் நோயாளிக்கு இன்னும் உதவும்.

---

இரவுப்பணி | கோவை | ஐசியு செவிலியர்

நோயாளியைப் பாக்கறதுன்னா எதைப் பாக்கறதுன்னு நான் சொல்றேன் சார். விரல்ல பாக்கறது.

லத்தீன் அமெரிக்காவுல அஞ்சு நாடு, 28 ஆஸ்பத்திரி, 424 நோயாளிங்க, 2019-ல ஆண்ட்ரோமெடா-ஷாக்னு ஒரு ஆய்வு. ஒரு பக்கம், ரத்த ஓட்டம் பத்தாதப்ப ஏறற லாக்டேட்டை ரத்தப் பரிசோதனையில பாத்து சிகிச்சை, இன்னொரு பக்கம் விரல்நுனியில ரத்தம் திரும்பி வர்ற நேரத்தை வெச்சு சிகிச்சை. விரலைப் பாத்தவங்கள்ல இறப்பு 34.9 சதவீதம், லாக்டேட் பாத்தவங்கள்ல 43.4. புள்ளியியல் கணக்குப்படி எல்லைக்கோட்டுக்கு ஒரு மயிரிழை வெளியேதான் நின்னுச்சு, அதனால ஜெயிச்சதுன்னு சொல்லக்கூடாதுன்னு எங்க டாக்டர் சொல்வார். ஆனா லாக்டேட்டுக்கு எந்த விதத்திலயும் தாழ்ந்ததில்லைங்கறது தெரிஞ்சு போச்சு. காசும் இல்லை, ஊசியும் இல்லை.

அவங்க செஞ்ச மாதிரியே செய்யணும். வலது ஆள்காட்டி விரலோட உள்பக்கம், நுனிச் சதையில, மைக்ராஸ்கோப் கண்ணாடிச் சில்லை வெச்சு சதை வெளுக்கற வரைக்கும் அழுத்தணும். அதே அழுத்தத்துல பத்து செகண்ட் புடிக்கணும். விட்டதும் பழைய நிறம் திரும்ப எத்தனை செகண்ட்னு கடிகாரத்தைப் பாத்து எண்ணணும். மூணுக்கு மேல போனா ரத்த ஓட்டம் பத்தலை. அரை மணிக்கு ஒருதடவை இதைச் செய்யணும். நகத்தை லேசா ஒரு அமுக்கு அமுக்கிட்டு "நார்மல்"னு எழுதறது இதுல சேராது. கையில பலமா அழுத்திப் பழகணும், பாக்கற இடத்துல நல்ல வெளிச்சம் வேணும். கறுத்த தோல்ல நிறம் மாறறது சட்டுனு தெரியாது, அதனால உள்பக்கம்தான் பாக்கணும். ஏசி குளிர்ல கை சில்லுனு இருந்தா முதல்ல போர்த்தி சூடு பண்ணிட்டுப் பாக்கணும்.

இன்னொண்ணு மூச்சு. வார்டு சார்ட்டைப் புரட்டுனா எல்லாருக்கும் 18, 20-ன்னே இருக்கும். முழுசா ஒரு நிமிஷம் நெஞ்சைப் பாத்து எண்ணிப் பாருங்க, அதுல சிலருக்கு 28 இருக்கும். பிரஷர் விழறதுக்கு வெகு முன்னாடியே மூச்சு ஏறிடும். வைகை மகன் அண்ணா, உங்க அப்பாவுக்குப் பேச்சு குழறுன அன்னிக்கு மூச்சும் வேகமா இருந்திருக்கும்.

---

வைகை மகன்

ஆமாங்கக்கா, இருந்துச்சு. நடந்து வந்த மாதிரி மூச்சு வாங்குச்சு. பயத்துலன்னு நெனச்சோம்.

---

பனைநிழல் | யாழ்ப்பாணம் | பொது வைத்திய நிபுணர்

எங்கட பக்கத்திலிருந்தும் ஒரு கருத்து. 2024 டிசம்பரில், வெள்ளத்துக்குப் பிறகு, யாழ் மாவட்டத்தில் காய்ச்சலும் மூச்சுத்திணறலுமாக வந்தவர்கள் சில நாளிலேயே இறந்தார்கள். முதலில் என்ன காய்ச்சல் எண்டு தெரியாமல் சனம் பயந்துபோய் இருந்தது. பரிசோதனையில் எலிக்காய்ச்சல் எண்டு உறுதியானது. வயலில் இறங்கி வேலை செய்யிற ஆட்களுக்கு டொக்சிசைக்கிளின் குளிசை முன்கூட்டியே குடுக்கிறது இலங்கையில் வழமை. அது அந்தப் பகுதிக்கும் விரிவாகக் குடுக்கப்பட்டது.

நான் சொல்ல வாறது, ஐரோப்பிய ஆய்வுகளில் செப்சிஸ் எண்டால் ஈ.கோலை, நிமோகொக்கஸ், ஸ்டஃபிலோகொக்கஸ். எங்கட விடுதிகளில் மழைக்காலத்தில் செப்சிஸ் எண்டால் எலிக்காய்ச்சல், உண்ணிக்காய்ச்சல், டெங்கு, மண்ணில் இருக்கிற பாக்டீரியாவால் வாற மெலியோய்டோசிஸ். தொடக்கத்தில் எல்லாம் ஒரே மாதிரித்தான் இருக்கும். டெங்கில் திரவக் கணக்கே வேறு. கசிவு நடக்கிற அந்த 24 முதல் 48 மணித்தியாலத்தில் மணிக்கு மணி அளந்து குடுக்க வேணும். 30 மில்லி எண்டு கண்ணை மூடிக்கொண்டு ஏத்தினால் நெஞ்சில் நீர் நிரம்பிவிடும். அதே நேரம் குறைத்துக் குடுத்தாலும் ஆள் போய்விடும்.

---

காவிரிக்கரை

பனைநிழல் ஐயா சொன்னதிலிருந்து நான் பெருமையோடு சொல்ல நினைத்த ஆய்வுக்கு வருகிறேன்.

உண்ணிக்காய்ச்சல், அதாவது ஸ்க்ரப் டைபஸ். புதர்களில் இருக்கும், கண்ணுக்கே தெரியாத சிற்றுண்ணியின் குஞ்சு கடிப்பதால் வருவது. தமிழ்நாட்டில் மழை முடிந்து குளிர் தொடங்கும் மாதங்களில் கூடும். கடுமையானால் நுரையீரல், சிறுநீரகம், மூளை எல்லாம் பாதிக்கும். பார்ப்பதற்கு அசல் செப்சிஸ். ஆனால் அந்தக் கிருமி செல்லுக்கு உள்ளே குடியிருப்பது. நாம் பெரிய மருந்து என்று நினைத்துப் போடும் மெரோபெனம், பிப்பராசிலின் எதுவும் அதை ஒன்றும் செய்யாது. ஒரு மணி நேரத்துக்குள் விலை உயர்ந்த ஆன்டிபயாடிக் போட்டாயிற்று என்று டிக் அடித்துவிட்டு, உண்மையில் சிகிச்சையே தொடங்காமல் மூன்று நாள் போயிருக்கும்.

வேலூர் சி.எம்.சி.யின் ஜார்ஜ் வர்கீஸ் தலைமையில் இந்தியாவின் ஏழு மருத்துவமனைகள் சேர்ந்து இன்ட்ரெஸ்ட் என்ற ஆய்வை நடத்தின. கடுமையான உண்ணிக்காய்ச்சலோடு வந்த 794 பேர். டாக்ஸிசைக்ளின் மட்டும், அசித்ரோமைசின் மட்டும், இரண்டும் சேர்த்து என்று மூன்று பிரிவு, மூன்றுமே நரம்பு வழியாக. இறப்பு, ஏழாம் நாளும் தீராத சிக்கல், ஐந்தாம் நாளும் விடாத காய்ச்சல், இவற்றில் ஏதாவது ஒன்று வந்தவர்கள் சேர்த்துக் கொடுத்த பிரிவில் 33 சதவீதம். தனித்தனியாகக் கொடுத்தவற்றில் 47, 48. இறப்பை மட்டும் எடுத்துப் பார்த்தால் பிரிவுகளுக்குள் வித்தியாசம் தெரியவில்லை, அதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் சிக்கல்கள் சீக்கிரம் தீர்ந்தன. 2023-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்தது. இரண்டுமே மலிவான பழைய மருந்துகள். பல கோடி டாலர் கொட்டிய ஸிக்ரிஸ் தராததை இது தந்தது, ஏனென்றால் யாருக்கு என்ன நோய் என்று முதலில் பிரித்துக்கொண்டார்கள். எண்ணும்எழுத்தும் சொன்ன பேருந்து நிலையத்தில் ஒரே வழித்தடத்து ஆட்களை மட்டும் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார்கள்.

ஜூனியர்களுக்கு ஒரு வேண்டுகோள். காய்ச்சலோடு உறுப்புகள் கெட்டு வரும் ஒவ்வொருவரையும் உடை விலக்கி, மறைவு வைத்து, முழுதாகப் பாருங்கள். அக்குள், தொடை இடுக்கு, மார்புக்கு அடியில், இடுப்பு நாடா இறுகும் இடம், பின்கழுத்து முடிக்குள். சிகரெட்டால் சுட்டது போல நடுவில் கறுத்த பொருக்கு, சுற்றி சிவந்த வளையம். வலிக்காது, அரிக்காது, அதனால் நோயாளியே சொல்ல மாட்டார். அது கிடைத்தால் பரிசோதனை முடிவு வருவதற்குள் மருந்தைத் தொடங்கிவிடலாம். எல்லாருக்கும் இருக்காது. இல்லையென்பதால் நோயே இல்லை என்றும் ஆகாது.

---

அகார்தட்டு | புதுச்சேரி | நுண்ணுயிரியல் ஆய்வகம்

ஒரு மணி நேரம் என்ற பேச்சு வந்ததால் எங்கள் லேப் பக்கக் குறையைச் சொல்லிவிடுகிறேன்.

2006-ல் குமார் குழுவின் ஆய்வு, ஷாக், அதாவது ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு விழும் நிலை, வந்தபின் ஆன்டிபயாடிக் தாமதமாகும் ஒவ்வொரு மணிக்கும் பிழைக்கும் வாய்ப்பு சராசரியாக 7.6 சதவீதம் குறைகிறது என்றது. பழைய கேஸ்ஷீட்டுகளைத் திரட்டிச் செய்தது. அதற்குப் பிறகு நியூயார்க்கில், ரோரி ஸ்டான்டன் என்ற பன்னிரண்டு வயதுச் சிறுவன் 2012-ல் செப்சிஸில் இறந்தபின், மாநிலம் முழுக்க மருத்துவமனைகளுக்கு விதி கொண்டுவந்தார்கள். அந்த விதியின் கீழ் வந்த 149 மருத்துவமனைகளின் 49,331 நோயாளிகளை ஆராய்ந்ததில், ஆன்டிபயாடிக் ஒரு மணி தாமதமானால் இறப்புக்கான வாய்ப்பு 4 சதவீதம் கூடியது. திரவத்தை எவ்வளவு சீக்கிரம் முடித்தார்கள் என்பதற்கும் இறப்புக்கும் தொடர்பு தெரியவில்லை. தென்பொதிகை சார் இதையும் கவனிக்க வேண்டும்.

ஆனால் சீக்கிரம் போடு என்பதை இங்கே எல்லாக் காய்ச்சலுக்கும் மெரோபெனம் போடு என்று ஆக்கிவிட்டோம். 2010-ல், மெரோபெனம் போன்ற மருந்துகளையே கிருமி செயலிழக்கச் செய்ய உதவும் என்.டி.எம்-1 என்ற நொதி பற்றி லான்செட் குழும இதழில் வந்த கட்டுரையில் சென்னை, ஹரியானா மாதிரிகள் இருந்தன. 2012-ல் ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத கிருமிகளைக் கட்டுப்படுத்தச் சொல்லி சென்னைப் பிரகடனம் வந்தது. ஷாக் இல்லாமல், செப்சிஸாக இருக்குமோ என்ற சந்தேகம் மட்டும் இருப்பவருக்கு மூன்று மணி நேரம் வரை விசாரித்துப் பார்க்கலாம் என்று 2021 வழிகாட்டுதலே இடம் கொடுக்கிறது. ஷாக் இருந்தாலோ, செப்சிஸ்தான் என்று ஏறக்குறைய உறுதியாக இருந்தாலோ அந்த ஒரு மணி.

நான் கேட்பது ஒன்றுதான். மருந்து போகும் முன் பிளட் கல்ச்சர், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்க ரத்தம், எடுங்கள். பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி, இரண்டு வெவ்வேறு இடத்திலிருந்து. எங்களிடம் வரும் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தாலே தெரியும், அடியில் இரண்டு மில்லி கிடக்கும். ரத்தத்தில் கிருமி மிகக் குறைவாகத்தான் இருக்கும், இரண்டு மில்லியில் அது சிக்காமலே போகலாம். அதோடு மூன்று நாள் மெரோபெனத்துக்குப் பிறகு எடுத்தது என்று ஃபாரத்தில் எழுதியிருக்கும். "வளர்ச்சி இல்லை" என்று நாங்கள் ரிப்போர்ட் தருவோம், மருந்தைக் குறைக்க டாக்டருக்குத் தைரியம் வராது, பதினாலு நாள் ஓடும்.

மெலியோய்டோசிஸ் கிருமியைச் சில லேபில் சூடோமோனாஸ் என்ற வேறு கிருமியாகத் தவறாக அடையாளம் கண்டுவிடுவதும் உண்டு. சர்க்கரை நோயுள்ள விவசாயி, மழைக்காலம், நுரையீரலிலோ கல்லீரலிலோ சீழ்க்கட்டி என்றால் லேபுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லுங்கள். நாங்கள் வேறு விதமாகத் தேடுவோம்.

---

தென்பொதிகை

போன் போடும் பழக்கம் எங்கள் பிரிவில் இல்லை, தொடங்குகிறேன். நியூயார்க் ஆய்வில் திரவ வேகத்துக்குத் தொடர்பு தெரியாததற்கு ஒரு காரணம், மோசமாக இருந்தவர்களுக்குத்தான் வேகமாக ஏற்றியிருப்பார்கள். அதனால் அதை வைத்து முடிவு கட்ட மாட்டேன். ஆனால் மூன்றாவது லிட்டருக்கு முன் விரலைப் பார் என்பதை எங்கள் ரெஃபரல் தாளில் சேர்க்கலாம் என்று தோன்றுகிறது.

---

மகாநதி | புவனேஸ்வர் | பொது சுகாதாரம்

தமிழ்நாட்டிலிருந்து இங்கே வேலைக்கு வந்தவள். எல்லாரும் ஐசியுவிலேயே நிற்கிறீர்கள், நோய் வராமல் தடுப்பதும் செப்சிஸ் ஆராய்ச்சிதான். ஒடிசாவின் 149 கிராமங்களில் 4,556 பச்சைக் குழந்தைகளிடம் பினாகி பாணிகிரகி குழு நடத்திய ஆய்வு 2017-ல் நேச்சர் இதழில் வந்தது. இரண்டு கிலோவுக்குக் குறையாத, தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகள். பிறந்த சில நாளில் தொடங்கி ஏழு நாள், லாக்டோபேசில்லஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாவின் ஒரு வகையும் அது வளர உதவும் சர்க்கரையும் வாய்வழியாக. செப்சிஸ் அல்லது இறப்பு 9 சதவீதத்திலிருந்து 5.4 ஆகக் குறைந்தது. இதைப் படித்துவிட்டுக் கடையில் கிடைக்கும் ஏதோ ஒரு புரோபயாடிக்கை வாங்கிக் கைக்குழந்தைக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஆய்வில் இருந்தது குறிப்பிட்ட ஒரே வகை. குறைமாதக் குழந்தைகளுக்கு இது பொருந்தாது.

---

வைகை மகன்

எல்லாத்தையும் ரெண்டு தடவை படிச்சேன். நன்றி. கடைசியா ஒண்ணு. அப்பா வீட்டுக்கு வந்து மாசக்கணக்காச்சு. ரிப்போர்ட் எல்லாம் நார்மல். ஆனா பழைய ஆள் இல்லை. கடைக் கணக்கு மனசுலயே போடுவாரு, இப்ப கூட்டல்ல தடுமாறுறாரு. மாடிப்படி ஏற முடியலை. ராத்திரி திடீர்னு எந்திரிச்சு "கையைக் கட்டாதீங்க"ன்னு கத்துறாரு. வயசாகுதுன்னு விட்டுரலாமா?

---

இரவுப்பணி

விட்டுராதீங்க அண்ணா. இது ஐசியுவுல இருந்து வந்தவங்க பலருக்கு வர்றதுதான். அமெரிக்காவுல வயசானவங்ககிட்ட செஞ்ச ஒரு ஆய்வு 2010-ல வந்துச்சு. கடுமையான செப்சிஸுக்கு முன்னாடி அவங்கள்ல 6.1 சதவீதம் பேருக்குத்தான் ஓரளவு பெரிய நினைவுக் குறைபாடு இருந்துச்சு. பொழைச்சு வந்தப்புறம் 16.7. வயசுன்னு சொல்லி ஒதுக்கக்கூடாத அளவு அது.

"கையைக் கட்டாதீங்க"ன்னு சொல்றது கனவு மட்டும் இல்லை. டியூப்பைப் புடுங்கிடக் கூடாதுன்னு கையைக் கட்டியிருப்பாங்க. மயக்க மருந்துல பாதி நெனவுல அது மனசுல பதிஞ்சிருக்கும். அவருக்கு அங்க என்ன நடந்துச்சுன்னு தேதி வாரியா நிதானமா உக்காந்து சொல்லுங்க. எதுக்குக் கட்டுனாங்க, எப்ப அவுத்தாங்கன்னு. சில ஐசியுல குடும்பத்தை ஒரு நோட்டுல தினமும் எழுதச் சொல்றாங்க, இதுக்காகத்தான். உங்ககிட்ட இல்லைன்னா பில்லு, டிஸ்சார்ஜ் சம்மரிய வெச்சு ஞாபகப்படுத்தி எழுதலாம். தொடை, தோள் பலத்துக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்க. நாற்காலியில கை ஊணாம எந்திரிச்சு உக்கார்றதுல இருந்து ஆரம்பிப்பாங்க. தூக்கமும் பயமும் குறையலைன்னா மனநல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.

---

காவிரிக்கரை

செவிலியர் சகோதரி சொன்னதோடு இரண்டு சேர்க்கிறேன். டிஸ்சார்ஜ் சமயத்தில் எழுதிக்கொடுத்த மருந்துகளை ஒருமுறை டாக்டரிடம் காட்டி, ஐசியுவில் தூக்கத்துக்காகத் தொடங்கியது ஏதாவது இன்னும் ஓடுகிறதா என்று கேளுங்கள். நிறையப் பேருக்கு அது நிறுத்தப்படாமலே தொடரும், கூட்டல் தடுமாறுவதில் அதற்கும் பங்கு இருக்கலாம். அப்புறம் ஒருமுறை செப்சிஸ் வந்தவருக்கு மறுபடி தொற்று வரும் வாய்ப்பு அதிகம். நிமோகாக்கஸ், இன்ஃப்ளூயன்ஸா தடுப்பூசிகள் போட்டாயிற்றா, புராஸ்டேட் வீக்கம் இருக்கிறதா, சர்க்கரை எவ்வளவு என்று பாருங்கள். இனி நீர்க்கடுப்போடு குளிர் நடுக்கமும் வேக மூச்சும் சேர்ந்து வந்தால் காலைவரை காத்திருக்க வேண்டாம். அவசரப் பிரிவுக்குள் நுழைந்ததும் "இவருக்கு முன்பு செப்சிஸ் வந்திருக்கிறது" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.